தெய்வத்துக்கு இருக்கை போடும் நடனம்

(வானொலியின் மாதாந்த உரைத்தொடரில் ஒலிபரப்பான பேச்சின் எழுத்து வடிவம்)



இந்த மாதப் பேச்சுக்கு நான் எடுத்துக்கொண்ட விடயம், யப்பானிய மரபு நடனத்தின் தெய்வீக வேர்கள். "கணக்கு எழுதுகிற ஆளுக்கு யப்பானிய நடனத்தோடு என்ன அலுவல்?" என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். நான் நடனம் படித்தவன் அல்லன். ஆனால் எந்தக் கணக்குப் புத்தகத்தைத் திறந்தாலும், இதற்கு யார் பொறுப்பு, யார் செலவழித்தார்கள், சென்ற வருடத்திலிருந்து இந்த வருடத்துக்கு எது முன்கொண்டு வரப்பட்டிருக்கிறது என்று பார்ப்பது என் தொழில். 1300 வருடங்களுக்கு மேலாக ஒரு நடனத்தின் கதை கைமாறி வந்திருக்கிறது என்றால், அதை முன்கொண்டு வந்தவர்கள் யார் என்று அறியும் ஆசை எனக்கு வந்தது. இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போவது அதைத்தான்.

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். இன்று கிடைப்பவற்றுள் யப்பானின் மிகப் பழைய வரலாற்று நூல் 'கோஜிகி'. அது 712ஆம் ஆண்டில் எழுதி முடிக்கப்பட்டது. எட்டு வருடங்கள் கழித்து, 720இல், 'நிஹோன் ஷோகி' என்ற இன்னொரு வரலாற்று நூல் வந்தது. இரண்டிலும் இந்தக் கதை இருக்கிறது.

சூரியன் அங்கே பெண் தெய்வம். பெயர் அமத்தெராசு. அவளுடைய தம்பி சுசானோவோ பெரிய முரடன். அக்காவின் வயல் வரம்புகளை உடைத்தான், வாய்க்கால்களைத் தூர்த்தான், கடைசியில் அவளுடைய நெசவுக் கூடத்தின் கூரையைப் பிரித்துத் தோலுரித்த குதிரையை உள்ளே எறிந்தான். நெசவு செய்துகொண்டிருந்த பெண் அந்த அதிர்ச்சியில் இறந்துபோனாள். அமத்தெராசு கற்குகை ஒன்றுக்குள் போய் வாசலை அடைத்துக்கொண்டாள். உலகம் இருண்டுவிட்டது.

தெய்வங்கள் எல்லாம் ஆற்றங்கரையில் கூடி யோசித்தார்கள். சேவல்களைக் கூவ வைத்தார்கள். சக்காக்கி என்ற பசுமரத்தை வேரோடு கொண்டுவந்து, அதிலே மணிமாலையும் கண்ணாடியும் தொங்கவிட்டார்கள். பிறகு அமெ-நோ-உசுமே என்ற பெண் தெய்வம் ஒரு மரத்தொட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் ஏறி, கால்களால் ஓங்கி மிதித்து ஆடத் தொடங்கினாள். அவளுக்கு உரு வந்துவிட்டது. உடை கலைந்ததும் தெரியாமல் ஆடினாள். அதைப் பார்த்து எல்லாத் தெய்வங்களும் வானம் அதிரச் சிரித்தார்கள். "நான் இல்லாமல் இருண்டு கிடக்கும் உலகத்தில் இவர்களுக்கு என்ன சிரிப்பு?" என்று அமத்தெராசு வாசலைச் சற்றுத் திறந்து எட்டிப் பார்த்தாள். முன்னால் நீட்டிய கண்ணாடியில் தன் ஒளியையே கண்டு இன்னும் கொஞ்சம் வெளியே வந்தாள். ஒளிந்து நின்ற பலசாலித் தெய்வம் அவள் கையைப் பிடித்து இழுத்து வெளியே கொண்டுவந்தது. இன்னொரு தெய்வம் அவள் திரும்பிப் போகாதபடி பின்னால் கயிறு கட்டியது. உலகம் மீண்டும் வெளித்தது.

நேயர்களே, இந்தக் கதையில் நான் கவனித்த ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த நடனம் மகிழ்ச்சியான நாளில் ஆடப்பட்டது அல்ல. ஒரு வன்முறை நடந்து, ஒரு பெண் இறந்து, வெளிச்சம் போன பிறகு ஆடப்பட்டது. யப்பானியர்கள் தங்கள் ஆடற்கலைகளுக்கு மூலம் என்று சொல்லும் கதை இருட்டில்தான் தொடங்குகிறது.

யப்பானிய ஆலயங்களில் ஆடப்படும் புனித நடனத்துக்குப் பெயர் 'ககுரா'. இந்தச் சொல் 'கமுகுரா' என்பதிலிருந்து வந்தது என்பது பொதுவான விளக்கம். கமுகுரா என்றால் தெய்வத்தின் இருக்கை. அதாவது நடனம் என்பது தெய்வத்துக்கு இருக்கை போடுவது. ஆடுகிறவர் கையில் பெரும்பாலும் ஏதாவது ஒரு பொருள் இருக்கும். சக்காக்கிக் கிளை, வெள்ளைக் காகிதம் மடித்துக் கட்டிய கோல், வாள், வில், மணிக்கொத்து என்று பல. அவை அலங்காரத்துக்காக ஏந்துபவை அல்ல. தெய்வம் வந்து இறங்குவதற்கான இடம் அந்தப் பொருள்தான். ஆலயத்தில் பணிசெய்யும் 'மிக்கோ' என்ற பெண்கள் வெள்ளை மேலாடையும் சிவப்புக் கீழாடையும் அணிந்து ஆடுவார்கள். கையிலே பிடிக்கும் மணிக்கொத்தில் மூன்று அடுக்காக ஏழு, ஐந்து, மூன்று என்று 15 மணிகள் இருக்கும்.

யப்பானிய மொழியில் நடனத்துக்கு இரண்டு பழைய சொற்கள் உண்டு. ஒன்று 'மை', மற்றது 'ஒதோரி'. 'மை' என்பது பாதத்தை நிலத்தோடு நகர்த்தி, மெதுவாகச் சுழன்று ஆடுவது. 'ஒதோரி' துள்ளி ஆடுவது. உசுமே தொட்டியை மிதித்த அந்த மிதி இரண்டிலும் இருக்கிறது. நிலத்தை மிதித்தால் தீயவை அடங்கும், உறங்குகிற உயிர் எழும்பும் என்பது அவர்களின் நம்பிக்கை. பழைய 'நோ' நாடக மேடைகள் பலவற்றுக்கு அடியிலே பெரிய மண்சாடிகள் வைத்திருப்பார்கள். மிதிக்கும் ஓசை எதிரொலித்துப் பெருக வேண்டும் என்பதற்காக. எங்கள் பிள்ளைகள் தட்டடவு பழகும் வகுப்பு வாசலில் காத்திருந்த பெற்றோருக்கு அந்த ஓசையின் வலு நன்றாகவே விளங்கும்.

இனி, இந்தக் கதை இன்றும் ஆடப்படும் ஓர் இடத்துக்குப் போவோம். கியூஷு தீவில் மியாசாக்கி மாகாணத்தில் மலைகளுக்கு நடுவே தக்காச்சிஹோ என்ற ஊர் இருக்கிறது. அங்கே நவம்பர் நடுப்பகுதி முதல் பெப்ரவரி தொடக்கம் வரை, ஒவ்வொரு குறிச்சியும் தன் முறை வரும்போது விடிய விடியக் ககுரா ஆடுகிறது. மொத்தம் 33 ஆட்டங்கள். பின்னேரம் தெய்வத்தை ஆலயத்திலிருந்து அழைத்து வருவார்கள். எங்கே? ஒரு வீட்டுக்கு! அந்த வருடத்துக்குத் தெரிவான குடும்பத்தின் வீட்டு அறையே மேடை. நாலு பக்கமும் கயிறு கட்டி, வெட்டுக் காகிதங்கள் தொங்கவிட்டால் அது புனித இடமாகிவிடும். இப்பொழுது பல இடங்களில் பொது மண்டபத்தில் நடத்துகிறார்கள். ஆடுகிறவர்கள் தொழில்முறைக் கலைஞர்கள் அல்லர், அந்த ஊர் ஆட்களே. குகை திறக்கும் ஆட்டம் விடியற்காலையில் வரும். வெளியே உண்மையாகவே சூரியன் எழும்பும் நேரம்!

இதையெல்லாம் கேட்கும்போது, ஆதி தொட்டு ஒன்றும் மாறாமல் வந்தது போலத் தோன்றும். அப்படி அல்ல. 1868க்குப் பின் வந்த மெய்ஜி அரசு, நாட்டை நவீனமாக்குகிறோம் என்று மிக்கோப் பெண்கள் உரு வந்து வாக்குச் சொல்வதை 1873இல் தடை செய்தது. ஆலயப் பூசகர்கள் ககுரா ஆடுவதும் அந்தக் காலத்திலேயே நிறுத்தப்பட்டது. பல ஊர்களில் நடனம் அதோடு அழிந்திருக்க வேண்டும். பூசகர்கள் விட்டதைச் சாதாரண கிராமத்தவர்கள் படித்து எடுத்துக்கொண்டதால்தான் அது தப்பியது.

இன்று யப்பானிய ஆலயங்களில் மிக்கோக்கள் ஆடும் மிகப் பிரபலமான நடனங்களில் ஒன்று 'உராயசு நோ மை'. பார்த்தால் ஆயிரம் வருடப் பழமை போல இருக்கும். உண்மையில் அது 1940இல் உருவாக்கப்பட்டது. பேரரசின் 2600ஆவது ஆண்டு என்று அன்றைய அரசு கொண்டாடிய விழாவுக்காக அரண்மனை இசைக்கலைஞர் ஒருவர் அமைத்தது. அந்த நேரம் யப்பான் சீனாவில் போர் நடத்திக்கொண்டிருந்தது. இதையும் சொல்லாமல் விட்டால் கணக்கில் ஒரு பக்கத்தை மட்டும் காட்டியது போலாகிவிடும். புனிதம் என்ற பெயரை அரசுகளும் தங்கள் தேவைக்கு எடுத்துக்கொள்ளும். நடனம் அதையும் தாங்கி, பிறகு அதிலிருந்து விடுபட்டும் வாழ்கிறது.

ஆலயத்திலிருந்து மேடைக்கு வந்த கதையையும் சுருக்கமாகச் சொல்கிறேன். 'நோ' நாடகத்தைச் செம்மைப்படுத்தியவர்கள் கன்னாமியும் அவர் மகன் சேஆமியும். சேஆமி தன் நூலிலே, எங்கள் கலைக்கு மூலம் குகை வாசலில் ஆடிய உசுமேயின் ஆட்டம்தான் என்று எழுதி வைத்திருக்கிறார். எந்த நோ மேடையிலும் பின்சுவரில் ஒரு பைன் மரம் வரைந்திருக்கும். அது நாரா நகரத்துக் கசுகா ஆலயத்தில் தெய்வம் இறங்கிய பைன் மரத்தின் நினைவு என்று சொல்லப்படுகிறது. அந்த ஆலயத்தில் 1136இல் தொடங்கிய விழா இன்றும் ஒவ்வொரு டிசம்பரிலும் நடக்கிறது.

நோவிலே 'ஒக்கினா' என்று ஒரு ஆட்டம் உண்டு. ஒக்கினா என்றால் முதியவர். அது நாடகம் போல இருக்கும், ஆனால் நாடகம் அல்ல, வேண்டுதல். ஆடுகிறவர் அதற்கு முன் விரதம் இருந்து, தனியாக மூட்டிய அடுப்பில் சமைத்ததை உண்பது மரபு. முகமூடி இருக்கும் பெட்டிக்கு அரிசி, உப்பு, அரிசி மது வைத்து வணங்குவார்கள். வழக்கமாக நடிகர் உள்ளே முகமூடி அணிந்துதான் மேடைக்கு வருவார். ஒக்கினாவில் மட்டும் வெறும் முகத்தோடு வந்து, சபையின் முன்னால் அதை அணிவார். மனிதன் தெய்வமாகும் கணத்தை எல்லாரும் பார்க்கவேண்டும் என்பது போல. அதில் வரும் 'சம்பாசோ' என்ற பாத்திரம் நிலத்தை மிதித்து, பிறகு மணிக்கொத்தைக் குலுக்கி விதை தூவுவது போல ஆடும். விளைச்சலுக்கான வேண்டுதல் அது.

அந்தச் சேஆமியின் முடிவு என்ன தெரியுமா? 1434இல், எழுபது வயது கடந்த பின், ஆட்சியாளரின் கோபத்துக்கு ஆளாகி சாதோ என்ற தீவுக்கு நாடுகடத்தப்பட்டார். அங்கேயும் அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. அந்தத் தீவில் பிற்காலத்தில் நோ வேரூன்றி, இன்று ஊர் ஆலயங்களோடு சேர்ந்த முப்பதுக்கு மேற்பட்ட நோ மேடைகள் இருக்கின்றன. அவற்றுக்கு அவரே நேரடிக் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் நாடுகடத்தப்பட்ட ஒரு கலைஞனின் தீவு அவன் கலையின் தீவாகியது என்பது எங்களைப் போன்றவர்களுக்குச் சும்மா கடந்துபோகும் செய்தி அல்ல.

கபுக்கியின் தொடக்கமும் ஆலயத்தோடு தொட்டதுதான். 1603இல் கியோத்தோ நகரில் ஒக்குனி என்ற பெண் ஆடிய ஆட்டத்திலிருந்து அது பிறந்தது. அவர் இசுமோப் பேராலயத்து மிக்கோ என்பது மரபு வழிச் செய்தி. பெண் தொடங்கிய அந்தக் கலையில் பெண்கள் ஆடக்கூடாது என்று 1629இல் அரசு தடை போட்டது. இன்று அரங்குகளில் நாம் காணும் யப்பானிய மரபு நடனம் பெரும்பாலும் இந்தக் கபுக்கியின் வழி வந்தது.

எங்கள் பக்கத்து உறவு ஒன்றும் இதில் உண்டு. 752இல் நாரா நகரத்துத் தோதாய்ஜி விகாரையில் பெரிய புத்தர் சிலைக்குக் கண் திறக்கும் சடங்கு நடந்தது. தூரிகையைப் பிடித்துக் கண் வரைந்தவர் போதிசேனர் என்ற இந்தியத் துறவி. அவர் 736இல் யப்பானுக்கு வந்தவர். அவருடைய நினைவாக எழுதப்பட்ட பழைய யப்பானியப் பதிவின் தலைப்பே அவரைத் தென்னிந்தியர் என்று சொல்கிறது. தூரிகையில் நீண்ட கயிறு கட்டி, கூடியிருந்தவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு அந்தப் புண்ணியத்தில் பங்குகொண்டார்கள். அந்தக் கயிறு இன்றும் சோசோயின் களஞ்சியத்தில் இருக்கிறது. போதிசேனரோடு கப்பலில் வந்த சம்பா நாட்டுத் துறவி பல நடனங்களைக் கொண்டுவந்தார் என்பது மரபு. சம்பா இன்றைய வியற்நாமின் பகுதி. அவற்றில் ஒன்றாகச் சொல்லப்படும் 'கர்யோபின்' நடனத்தை இன்றும் சிறு பிள்ளைகள் இறக்கை கட்டி, கைத்தாளம் தட்டி ஆடுகிறார்கள். கலவிங்கம் என்ற சொர்க்கப் பறவையின் நடனம் அது.

இறந்தவர்களுக்காக ஆடுவதும் உண்டு. கோடை காலத்தில் 'ஓபொன்' நாட்களில் முன்னோரின் ஆவிகள் வீட்டுக்கு வந்து போகும் என்று நம்புகிறார்கள். அப்பொழுது ஊர் கூடி வட்டமாக ஆடும் நடனம் 'பொன் ஒதோரி'. புத்தரின் சீடர் மொக்கல்லானர், இறந்த தாயைத் துன்பத்திலிருந்து மீட்ட கதையோடு இதைச் சேர்த்துச் சொல்வார்கள். வயது, தகுதி பார்க்காமல் யாரும் வட்டத்தில் சேரலாம். 2022இல் யுனெஸ்கோ இத்தகைய 41 ஊர் நடனங்களை 'ஃபூர்யூ ஒதோரி' என்ற பெயரில் மனித குலத்தின் மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது.

நேயர்களே, நான் இன்று முக்கியமாகச் சொல்ல வந்தது இனித்தான்.

ஃபுக்குஷிமா மாகாணத்தில் நாமியே நகரத்தைச் சேர்ந்த உக்கெதோ என்ற கடற்கரைக் கிராமம். மீன்பிடியும் நெல்லும் அவர்கள் வாழ்வு. அங்கே குசானோ ஆலயத்தில் ஒவ்வொரு பெப்ரவரியும் ஒரு விழா. கடல் அமைதியாக இருக்கவும் வயல் விளையவும் வேண்டி, சிறு பெண்பிள்ளைகள் நாற்று நடும் நடனம் ஆடுவார்கள். 2011 மார்ச் 11ஆம் திகதி நிலநடுக்கமும் சுனாமியும் வந்தன. பள்ளிக்கூடம் கடலிலிருந்து சுமார் 300 மீற்றர். அங்கிருந்த 82 பிள்ளைகளும் ஆசிரியர்களோடு மலைக்கு ஓடித் தப்பினார்கள். ஆனால் கிராமம் போய்விட்டது. ஆலயமும் போய்விட்டது. மறுநாள் அணு உலை விபத்தால் எல்லாரையும் வெளியேறச் சொன்னார்கள். இடிபாடுகளில் ஆட்களைத் தேடுவதையும் பாதியில் விட்டுவிட்டுப் போக வேண்டியிருந்தது. 2004 டிசம்பரில் கடல் வந்த கரைகளில் உறவுகளைத் தேடியவர்களுக்கும், தேட முடியாமல் இடம்பெயர்ந்தவர்களுக்கும் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஊர் மக்கள் பல மாகாணங்களுக்குச் சிதறினார்கள். நடனம் ஆடிய பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பள்ளிக்கூடத்தில். உடைகள் இல்லை, மேளம் இல்லை, ஆலயம் இல்லை, போகக் கூடிய நிலமும் இல்லை. ஆனாலும் அதே 2011 ஓகஸ்ட் மாதத்தில், இவாக்கி நகரில் அந்தப் பிள்ளைகள் மறுபடி ஒன்றுகூடி ஆடினார்கள். பிறகு தற்காலிகக் குடியிருப்புகளிலும், வேறு நகரங்களிலும் ஆடினார்கள். ஊர் முதியவர்கள் அதைப் பார்த்து அழுதார்கள். வெளியேற்ற உத்தரவு நாமியேயின் ஒரு பகுதிக்கு 2017இல் நீங்கியது. 2018 பெப்ரவரியில், ஏழு வருடங்களுக்குப் பின், ஆலயம் இருந்த அதே நிலத்தில் ஆடினார்கள். 2024இல் ஆலயம் மீளக் கட்டப்பட்டது. ஆனால் உக்கெதோவின் கரைப்பகுதியில் இனி வீடு கட்டி வாழ அனுமதி இல்லை. ஆலயம் இருக்கிறது, நடனம் இருக்கிறது, சுற்றிவர ஊர் இல்லை!

நான் முதலில் சொன்ன சொல்லை மறுபடி நினைத்துப் பாருங்கள். ககுரா, தெய்வத்தின் இருக்கை. ஒரு கிளை, நாலு பக்கம் கயிறு, மிதிக்க ஒரு நிலம், ஆட ஒரு பிள்ளை. இவ்வளவும் இருந்தால் இருக்கை போட்டாயிற்று. தக்காச்சிஹோ வீட்டு அறையில் போட முடியும். அகதிக் குடியிருப்பின் முற்றத்திலும் போட முடியும். இதைப் படித்தபோது எனக்கு ஆறுதலாக இருந்தது. இந்த நாட்டிலே தொழிற்சாலைக் கட்டடங்களையும் பள்ளி மண்டபங்களையும் வாடகைக்கு எடுத்துக் கோயில் நடத்தியவர்கள் நாங்கள்.

ஆனால் ஆறுதலோடு கதையை முடிக்க மனம் வரவில்லை. எங்கும் இருக்கை போடலாம் என்றால், உக்கெதோ மக்கள் ஏன் ஏழு வருடம் காத்திருந்து அந்த வெறும் நிலத்துக்கே போய் ஆடினார்கள்? இடம் முக்கியம் என்பதும் உண்மை, இடம் இல்லாவிட்டாலும் விடக்கூடாது என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துச் சுமப்பதுதான் கடினம். எங்கள் வீடுகளில் அந்தச் சுமை எப்படி இருக்கும் என்று நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டுமா? ஊரை அறியாத பிள்ளை, ஊர்ப் பாட்டுக்கு ஆடுகிறது. அதற்கு அது என்ன? அம்மாவின் ஆசையா, மேடையா, அல்லது வேண்டுதலா?

உக்கெதோவில் அன்று ஆடிய பிள்ளைகள் இன்று வளர்ந்துவிட்டார்கள். அவர்களுக்குப் பின் ஆட ஆள் வேண்டும். யப்பானின் மலை ஊர்களிலும் இளையவர்கள் நகரங்களுக்குப் போய்விட, பல ககுராக்கள் ஆளில்லாமல் நிற்கின்றன. யுனெஸ்கோவின் பட்டியலில் பெயர் இருந்தால் மட்டும் நடனம் நிலைக்காது. குளிர் இரவில் வீட்டைத் திறந்துவிடும் ஒரு குடும்பம் வேண்டும், சமைக்க ஆள் வேண்டும், பிள்ளையைப் பழக்கத்துக்கு ஏற்றி இறக்க ஒருவர் வேண்டும். கணக்குப் புத்தகத்தில் ஏறாத செலவுகள் இவை. இந்த நடனங்களை 1300 வருடங்களாக முன்கொண்டு வந்தவை இந்தச் செலவுகளே என்பது என் முடிவு.

எனவே, பிள்ளைகளை நடன வகுப்புக்குக் கூட்டிச் செல்லும் பெற்றோரிடம் ஒரு சின்ன வேண்டுகோள். ஆடத் தொடங்கும் முன் பிள்ளை குனிந்து நிலத்தைத் தொட்டு வணங்குகிறது அல்லவா? மிதிக்கப் போகும் பூமியிடம் பொறுத்துக்கொள் என்று கேட்கும் வணக்கம் அது. வீடு திரும்பும்போது காரிலே அதைப் பற்றிக் கொஞ்சம் கதையுங்கள். எந்த நிலத்தை நினைத்துத் தொட்டாய் என்று கேளுங்கள். நாங்கள் பிறந்த ஊர் என்று சொன்னாலும் சரி, தான் பிறந்த இந்த நாடு என்று சொன்னாலும் சரி, திருத்தாதீர்கள். பதிலைக் கேட்டுவிட்டு, உசுமேயின் கதையையும் உக்கெதோவின் கதையையும் சொல்லுங்கள். வெளிச்சம் போன பிறகும் ஆடியவர்கள் உண்டு என்று அந்தப் பிள்ளை அறிந்திருப்பது நல்லது.